கலோரிக் கணக்கு மட்டும் போதுமா?



"எதைத் திண்டாலும் கலோரிக் கணக்கு சரியெண்டா உடம்பு குறையும்." இப்படியொரு பேச்சு நம்ம ஊரில் ஓடுகிறது. போனில் கணக்குப் பார்த்து, ராச் சோற்றுக்குப் பதிலாக ரெண்டு ரோல்ஸும் சீனி போட்ட பால் டீயும் எடுக்கிறோம். பத்து மணிக்குப் பசித்து பிஸ்கட் பக்கற்றை உடைக்கிறோம். கணக்கு எங்கே போனது?

அமெரிக்காவில் கெவின் ஹோல் குழு 20 பேரைத் தங்கவைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. இரண்டு வாரம் தொழிற்சாலை உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. பரிமாறிய கலோரி, சீனி, கொழுப்பு சமம், விரும்பியளவு சாப்பிடலாம். தொழிற்சாலை உணவில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது; சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மற்றதில் அதேயளவு இறங்கியது.

அளவு பொய்யல்ல. குரக்கன் ரொட்டியும் ஐந்தாறு திண்டால் உடம்பு ஏறத்தான் செய்யும். ஆனால் அந்த அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் பீங்கானில் இருக்கும் உணவுதான். அவித்த கடலை, மீன், கீரை வயிற்றை நிறைக்கும். ரோல்ஸ் இன்னொன்று கேட்கும்.

ஹலால் முத்திரையைத் தேடிப் பார்க்கிறோம். அதோடு சொல்லப்பட்ட தையிபை எப்போது பார்க்கப்போகிறோம்? நம்மைப் பார்த்துத்தான் பிள்ளைகளும் இன்டர்வலில் பழகுகிறார்கள்.