சங்கு ஓய்ந்தது; ஷெட்டும் போக வேண்டுமா?

பட்டியலில் இடம் தேடும் பழைய தொழிற்கூடங்கள்

சென்னை.

வடசென்னையில் ஒரு காலத்தில் பல வீடுகளில் கடிகாரமே கிடையாது. மில் சங்குதான் கடிகாரம். "சங்கு ஊதிட்டாங்க, இன்னும் என்ன தூக்கம்?" என்று பிள்ளைகளை எழுப்பிய காலம் அது.

அந்தச் சங்கு இன்று இல்லை. சங்கு ஊதிய மில்லும் இல்லை.

பெரம்பூர் பி. அண்டு சி. மில்லின் கதை நகரம் அறிந்தது. 1876-ல் பக்கிங்ஹாம் மில் வந்தது. சில ஆண்டுகளில் கர்நாடிக் மில் எழுந்தது. 1920-ல் இரண்டும் ஒன்றாயின. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னை தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27-ந்தேதி இந்த மில் தொழிலாளர்களைக் கொண்டுதான் தொடங்கியது. வாடியாவும் திரு.வி.க.வும் தலைமை தாங்கினார்கள். 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின.

1996-ல் மில் மூடப்பட்டது. காலி ஷெட்டுகளில் சினிமா சண்டைக்காட்சிகள் எடுத்தார்கள். பிறகு ஷெட்டுகளும் போயின. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள்.

"பழைய ஷெட்டுதானே?"

"பழைய தகர ஷெட்டுதானே, இடிச்சா என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்த ஷெட்டுகளில் ஒரு தூண்கூட சும்மா நிற்கவில்லை.

நெசவு ஷெட்டுகளின் கூரை ரம்பப் பல் போல இருக்கும். பல்லின் செங்குத்தான பக்கத்தில் கண்ணாடி. அந்தப் பக்கம் வடக்கு நோக்கி இருக்கும். வெளிச்சம் வரும், நேர் வெயில் அதிகம் வராது. நூல் அறுந்தால் உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்கே இந்த ஏற்பாடு. இங்கிலாந்தில் பிறந்த இந்தக் கூரைக்குச் சென்னையில் ஒரு சோதனையும் உண்டு. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் இங்கே வடக்கே சாய்ந்துவிடும். கண்ணாடி எவ்வளவு செங்குத்தாக நிற்கிறதோ அவ்வளவுக்கு வெயில் குறையும்.

தறி ஓடினால் தரை அதிரும். அதனால்தான் நெசவுக்குப் பெரும்பாலும் மாடி கட்டவில்லை. தரையோடு ஷெட்டு போட்டார்கள். ரெயில் ஒர்க்‌ஷாப்பில் கணக்கே வேறு. என்ஜினைத் தூக்கும் கிரேன் மேலே ஓட வேண்டும். கூரை எவ்வளவு உயரம், தூண் எவ்வளவு கனம் என்பதை அந்தக் கிரேன்தான் முடிவு செய்தது. உயரமான புகைபோக்கியும் அழகுக்கு வைத்ததல்ல. உயரம் கூடினால் காற்று இழுப்பு கூடும். கொதிகலனில் நெருப்பு நன்றாகப் பிடிக்கும்.

பிழைத்தது எப்படி?

அதே பெரம்பூர் வட்டாரத்தில் ரெயில்வே என்ஜின் தொழிற்சாலை 1856 முதல் இருக்கிறது. ராயபுரத்தில் இருந்து தென்னாட்டின் முதல் ரெயில் ஓடியதும் அதே ஆண்டுதான். நீராவி போய், டீசல் வந்து, மின்சார என்ஜின் வந்தும் அங்கே வேலை நிற்கவில்லை. வேலை இருக்கும்வரை கூரைக்கு ஆள் உண்டு. வேலை நின்ற மறுநாளே மண்ணுக்கு விலை பேச ஆள் வந்துவிடும். மில்லுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

சட்டம் என்ன செய்தது?

அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் 2010-ல் ஐகோர்ட்டு தீர்ப்பு சொன்னது. பழம்பெரும் கட்டடங்களைக் காக்க ஒரு குழு அமைக்கவும் உத்தரவிட்டது. 2012-ல் தமிழக பாரம்பரிய ஆணையச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் பாரம்பரியம் என்றதும் கண்ணில் படுவது கோபுரமும் குவிமாடமும் செங்கல் மாளிகையும்தான். கரி படிந்த ஷெட்டை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

எல்லா ஷெட்டையும் காப்பாற்ற முடியாது, அதுவும் உண்மை. நிலத்தை விற்றால்தான் கடன் தீரும், தொழிலாளர் பாக்கி தீரும் என்ற நிலையும் வருவது உண்டு. ஆனால் எல்லாவற்றையும் இடித்தால்தான் காசு வரும் என்பதில்லை. லண்டனில் தேம்ஸ் கரையில் 1981-ல் மூடிய மின் நிலையம், 2000-ல் ஓவியக் கூடமாகத் திறந்தது. டர்பைன் நின்ற ஹாலில் இன்று கூட்டம் அலைமோதுகிறது.

இங்கேயும் செய்யலாம். காலி மனையில் வீடு கட்டட்டும். ஒரு ஷெட்டும் ஒரு புகைபோக்கியும் நிற்கட்டும். அதுவும் முடியாவிட்டால், எந்திரத்தை இரும்புக்கடைக்கு அனுப்புவதற்கு முன் அளந்து, படம் எடுத்து, வேலை பார்த்தவர்களைக் கேட்டு எழுதி வைக்கட்டும். எந்திரம் போன பிறகு, அந்தத் தூண் ஏன் அங்கே நின்றது என்று சொல்ல ஆள் இருக்காது.

முதலாளி பெயருக்குக் கல்வெட்டு உண்டு. தொழிலாளி பாடுபட்டதற்குச் சாட்சி அந்த ஷெட்டு ஒன்றுதான்.