ரோபோ நடக்கும், மூட்டையை யார் தூக்குவது?

சரக்குக் கிடங்குகளில் தாமாகவே நடமாடும் ரோபோக்களைப் பற்றிய பேச்சு இந்தியத் தொழில் துறையில் வலுத்து வருகிறது. எது வேகமானது, எது மலிவானது, எது அதிக எடை சுமக்கும் என்பனவே ஒப்பீடுகளில் பெரும்பாலும் இடம்பெறுகின்றன. மனித உடலின் எந்தச் சுமையை அது குறைக்கிறது என்ற கேள்வியையும் சேர்த்தாக வேண்டும் என்பது என் கருத்து. கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடி போன்ற ஊரிலிருந்து பார்த்தால், அதுவே முதல் கேள்வி.

இன்றைய கிடங்கு ரோபோக்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். தரையில் ஒட்டிய காந்தப் பட்டையைப் பின்பற்றிச் செல்லும் வண்டிகள் முதல் வகை. வழியில் தடை வந்தால் நின்றுவிடும். தரையில் கட்டம் கட்டமாகப் பதித்த குறியீடுகளைப் படித்து, பொருள் அடுக்கிய அலமாரியையே தூக்கிவந்து ஊழியர் முன் நிறுத்துபவை இரண்டாம் வகை. இதை உருவாக்கிய கிவா நிறுவனத்தை அமேசான் 2012-இல் 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. லேசர் உணரி, கேமரா ஆகியவற்றால் இடத்தின் வரைபடத்தைத் தாமே உருவாக்கி, எதிரே ஆள் வந்தால் விலகிச் செல்பவை மூன்றாம் வகை. 2025-இல், தன் கிடங்குகளில் பத்து லட்சமாவது ரோபோவை நிறுவியதாக அமேசான் அறிவித்தது. நம் நாட்டிலும் கிரே ஆரஞ்ச், ஆட்வெர்ப் போன்ற நிறுவனங்கள் இத்துறையில் உள்ளன. ஆட்வெர்பின் பெரும்பான்மைப் பங்குகளை 2022-இல் ரிலையன்ஸ் வாங்கியது.

இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இவை மனிதன் நடக்கும் தூரத்தைக் குறைக்கின்றன. தூக்கும் வேலையைப் பெரும்பாலும் அவனிடமே விட்டுவிடுகின்றன. அலமாரி அருகில் வந்தாலும் பொருளை எடுப்பது மனிதக் கையே. இவற்றுக்குச் சமதளமான தரையும், அளவு மாறாத பெட்டி அல்லது தட்டும் தேவை. லாரியிலிருந்து சரக்கு இறக்கும் ரோபோக்களும் வந்துவிட்டன. ஆனால், அவற்றுள் பெயர்பெற்ற பாஸ்டன் டைனமிக்ஸின் ‘ஸ்ட்ரெச்’ கையாள்வது ஏறத்தாழ 23 கிலோ வரையிலான அட்டைப்பெட்டிகளைத்தான்.

திட்டக்குடி வட்டாரத்தில் வெலிங்டன் ஏரிப் பாசனத்தில் விளையும் நெல், கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சாக்குமூட்டையாகிறது. நாளொன்றுக்கு ஆயிரம் மூட்டை என்று வைத்துக்கொண்டால் அது 40 டன். எடை மேடை, அட்டி, லாரி என ஒவ்வொரு மூட்டையும் மூன்று முறை தோளேறினால், ஒரே நாளில் மனித உடல்கள் தூக்கும் சுமை 120 டன். மழைக்காலத்தில் லாரி தாமதமானால், திறந்தவெளியில் அடுக்கிய மூட்டைகள் தார்ப்பாயையும் மீறி நனைகின்றன. அங்கே விவசாயியின் விளைச்சலும் தொழிலாளியின் முதுகும் ஒருசேர இழப்பைச் சுமக்கின்றன.

இந்தச் சுமைக்கு விலையுயர்ந்த ரோபோ விடையன்று. கூரையுள்ள மேடை, நகர்த்தக்கூடிய கன்வேயர் பட்டை, மூட்டைகளை அடுக்கும் பலகைத் தட்டு, அதைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஆகியவை பல பத்தாண்டுகளாகப் பழகிய எளிய கருவிகள். சாக்கையே தவிர்த்து நெல்லைக் குவியலாகச் சேமிக்கும் எஃகுக் களஞ்சியங்கள் அதற்கும் அடுத்த படி. தரை, கூரை, தட்டு என்ற அடித்தளம் அமைந்த பிறகே எந்த ரோபோ சிறந்தது என்ற ஒப்பீட்டுக்கு அங்கே பொருள் உண்டு.

இதில் மறைக்கக் கூடாத சிக்கல் ஒன்றும் உள்ளது. சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி. பட்டை ஓடத் தொடங்கினால் முதுகு தப்பும், வருமானம் குறையும். ஆகவே கருவி வரும் நாளிலேயே கூலி முறையும் மாற வேண்டும். மூட்டைக் கூலிக்குப் பதில் நாள் ஊதியமும், கருவியை இயக்கும் பயிற்சியில் அவர்களுக்கு முன்னுரிமையும் தேவை. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென 1982-லேயே தனிச் சட்டம் இயற்றிய தமிழ்நாட்டுக்கு இது புதிய சிந்தனையன்று.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளின் நவீனக் கிடங்குகளுக்கு வேறொரு கவலை பொருந்தும். அலமாரி தேடி வரும்போது, ஊழியர் நடந்து செல்லும் அந்தச் சிறு ஓய்வும் மறைகிறது. வேலையின் வேகத்தை இயந்திரமே தீர்மானிக்கிறது. கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், கிடங்கு ஊழியருக்கான வேலை இலக்கை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உணவு இடைவேளையையும் கழிப்பறை செல்வதையும் தடுக்கும் இலக்குகள் கூடாது என்றும் விதிக்கிறது. ரோபோ முதலீடுகளை வரவேற்கும் நாமும் அத்தகைய விதியை முன்கூட்டியே வகுப்பது நல்லது.

ரோபோ வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஆன்லைன் வணிகக் கிடங்குக்கு அது ஏற்ற கருவியாக இருக்கலாம். ஆனால், பொது நிதியில் நவீனமயமாக்கல் என்று தொடங்கும்போது, பட்டியலின் முதல் வரியில் நிற்க வேண்டியது திட்டக்குடியின் நாற்பது கிலோ மூட்டை.