கலியாண வீட்டுக்கு ஒரு சின்னக் கமரா



உயர்தரம் படிக்கிற பிள்ளைகளிடம் இப்போது ஒரு ஆசை பரவியிருக்கிறது. இவர்கள் பிறந்த காலத்தில் நாம் பையில் கொண்டு திரிந்த சின்ன டிஜிட்டல் கமரா வேண்டுமாம். டிக்டொக்கில் பார்த்திருக்கிறார்கள். பெற்றோரில் சிலர் "போன் இருக்கும்போது இது என்னத்துக்கு, காசைக் கரைக்கிற வேலை" என்கிறார்கள். என் கருத்து வேறு. பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நம்மட கலியாண வீடுகளுக்கே அது தேவை என்று நினைக்கிறேன்.

படம் எடுப்பது கூடுமா கூடாதா என்ற வாதத்துக்குள் இப்போது போகவில்லை. அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பேசுவது, ஏற்கனவே எடுக்கப்படுகிற படங்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதைப் பற்றி.

பெண்கள் பகுதிக்குள் ஆண்களை விடமாட்டோம். திரை கட்டுகிறோம், படம் எடுக்கவும் பெண்ணையே தேடிப் பிடிக்கிறோம். ஆனால் உள்ளே நாற்பது போன் இருக்கும். பல வீடுகளில் போன் வாங்கிய கடைப் பையன்தான் கூகுள் கணக்கையும் திறந்து கொடுத்திருப்பான். அதே கணக்கில்தான் மகனின் பழைய போனும், பிள்ளைகள் வகுப்புக்குப் பாவித்த டெப்பும் இருக்கும். தானாக ஏற்றும் வசதி போட்டிருந்தால், உம்மா எடுத்த படம் கொஞ்ச நேரத்தில் அந்த எல்லாத் திரைகளிலும் வந்துவிடும். போன் உடைந்தால் பூட்டுத் திறக்கும் இலக்கத்தையும் ஒரு துண்டில் எழதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை, படம் வெளியே போக வழி திறந்தே கிடக்கிறது.

சின்னக் கமராவில் அந்த வழி இல்லை. கார்ட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தால் அது அலுமாரிக்குள்தான் இருக்கும். புதிய மொடல்களில் வைபை உண்டு, ஆனால் நாமே போட்டால்தான் வேலை செய்யும். மணப்பெண்ணின் ராத்தாவிடமோ மாமியிடமோ ஒரு கமராவைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களின் போன்களைப் பைக்குள் போடச் சொல்லலாம். சொல்வது கஷ்டம்தான். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வது அதைவிடக் கஷ்டம்.

சரி, எதை வாங்குவது?

முதலில், எதை வாங்கக் கூடாது என்று சொல்கிறேன். ஒன்லைனில் பெயர் தெரியாத கம்பனிகளின் "64 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஸூம்" கமராக்கள் மலிவாக வருகின்றன. பெரும்பாலும் உள்ளே இருப்பது அசையாத சின்ன லென்ஸும் மலிவான போனில் வருகிற மாதிரிச் சென்ஸரும்தான். மெகாபிக்சல் கணக்கு மென்பொருளால் ஊதிக் காட்டியது. ஸூமும் அப்படித்தான், படத்தை வெட்டிப் பெரிதாக்குவார்கள்.

மெகாபிக்சலை நம்மட ஊர்க் காணிப் பங்கோடு ஒப்பிட்டால் விளங்கும். சென்ஸர் என்பது வெளிச்சம் விழுகிற வளவு. அதே பத்துப் பேர்ச்சை ஐந்து பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு வீடு கட்டலாம். ஐம்பது பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கும் கதிரை போட இடமிருக்காது. கெனன் கம்பனியே இதை ஒத்துக்கொண்ட மாதிரி ஒரு காரியம் செய்தது. 2008இல் வந்த ஜி10 கமராவில் 14.7 மெகாபிக்சல் இருந்தது. அடுத்த வருடம் அதே அளவுச் சென்ஸரோடு வந்த ஜி11இல் 10 ஆகக் குறைத்தார்கள். ஏ4 தாளில் அச்சுப்போல் தெளிவாக எடுக்க 9 மெகாபிக்சலே போதும்.

ஆகவே வளவின் அளவைக் கேளுங்கள். சாதாரண சின்னக் கமராக்களின் சென்ஸர் 6 மில்லிமீற்றருக்கு 4.6 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். 'ஒரு அங்குலம்' என்று சொல்லப்படுவது 13.2க்கு 8.8, அதாவது பரப்பில் நான்கு மடங்கு. 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100, 2014இல் வந்த கெனன் ஜி7 எக்ஸ் இரண்டும் இந்த வகை. லென்ஸைச் சுற்றி 1:1.8 என்பது போல ஒரு எண் இருக்கும். அது எவ்வளவு சிறிதோ அவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும். இரவு மண்டபத்துக்கு இந்த இரண்டும்தான் முக்கியம். சின்னச் சென்ஸர் கமராவை இருட்டில் இன்றைய நல்ல போன் வென்றுவிடும், அதையும் மறைக்கவில்லை. ஆனால் கமராவின் ப்ளேஷ் போன் லைட்டைப் போலல்ல. கண் சிமிட்டும் நேரத்தில் அடித்து ஓடுகிற பிள்ளையையும் நிறுத்திப் பிடிக்கும். லென்ஸ் நீண்டு வருகிற உண்மையான ஸூம் இருந்தால் இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் உதவும்.

புதிதாக வாங்குவது இப்போது லேசில்லை. 2010இல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கமராக்கள் கம்பனிகளிலிருந்து வெளியேறின. 2023இல் அது ஒரு கோடியும் இல்லை. 2022இல் நம்மட ரூபா விழுந்த விழுகைக்குப் பிறகு விலையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பெரும்பாலும் கைமாறிய கமராதான் நமக்கு.

அப்படி வாங்குவதானால் படத்தைப் பார்த்துக் காசு அனுப்பாதீர்கள், கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று நான்கு தரம் ஸூமைக் கடைசிவரை கொண்டுபோய்த் திருப்புங்கள். நம்மட கடற்கரை மணல் ஒரு துகள் போனாலும் அது இறுகி நின்றுவிடும். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் உள்ளே உள்ள தூசு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். லென்ஸுக்குள் டோர்ச் அடித்தால் சிலந்தி நூல்போலப் பூஞ்சணம் தெரியக்கூடும், தெரிந்தால் விட்டுவிடுங்கள். பழைய ஒலிம்பஸ், பியூஜி சிலவற்றுக்கு எக்ஸ்டி கார்ட் வேண்டும். அதைத் தேடியலைய வேண்டி வரும், சாதாரண எஸ்டி கார்ட் போடுகிறதாகப் பாருங்கள். பெட்டரி இன்னும் கிடைக்கிறதா என்பதையும் வாங்க முன் விசாரியுங்கள்.

கமரா வந்ததோடு வேலை முடியவில்லை. அலுமாரிக்குள் இருக்கிற ஒரே கார்ட் வெளியே போகாது, ஆனால் அழிந்து போகும். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரை இது. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் அல்பங்கள் வீட்டோடு போயின. மவுத்தான பிள்ளையின் முகத்தைக் காட்ட ஒரு படமும் மிஞ்சாத உம்மாமார் நமக்குள் இருக்கிறார்கள். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் ரிக்கோ என்ற கமராக் கம்பனி, சேற்றிலிருந்து எடுத்த நான்கு லட்சத்துக்கும் அதிகமான படங்களைக் கழுவித் துடைத்துப் பிரதி எடுத்து, உரியவர்கள் தேடிப் பெற வழி செய்தது. அவை எல்லாம் தாளில் இருந்த படங்கள், அதனால்தான் கழுவ முடிந்தது.

ஆகவே கலியாணம் முடிந்த கிழமையே முக்கியமான ஒரு முப்பது படத்தைத் தெரிந்து பிரின்ட் போடுங்கள். பெண்களின் படம் என்றால் வீட்டிலேயே ஒரு சின்னப் பிரின்டர் போதும். கார்ட்டில் ஒரு பிரதி எடுத்து, கடலுக்குத் தூரமாய் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில், சம்மாந்துறையில் சாச்சி இருந்தால் அவவிடம், ஒரு உறையில் போட்டுக் கொடுத்து வையுங்கள்.