பிள்ளை பார்க்க வாறவைக்கு ஒரு வார்த்தை

கன நாளாய் ஒண்டும் எழுதேல்லை. அதுக்குக் காரணமானவர் இப்ப பக்கத்து அறையில நித்திரை. அவர் மூச்சு விடுற சத்தம் எனக்கு இஞ்ச கேக்குது. கேக்காட்டி எழும்பிப் போய்ப் பார்ப்பன். ஒரு வயசு தாண்டியும் இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகேல்லை.

2024 ஆவணியில, 27 ஆவது கிழமையில பிறந்தவன். 980 கிராம். எங்கடை ஆக்கள் கேக்கிற கணக்கில இரண்டு இறாத்தலுக்குக் கொஞ்சம் கூட. டவுன்ரவுன் ஆஸ்பத்திரி ஒண்டில 83 நாள் இருந்தவன். விட்பியில இருந்து கோ ரெயினில யூனியனுக்குப் போறதும், இரவு திரும்பி வாறதும், இடையில வேலையுமாய் அந்த 83 நாளும் போச்சு. ‘எப்ப வீட்ட விடுவினம்’ எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டம். கார்த்திகையில விட்டினம்.

வீட்ட வந்த முதல் இரவுதான் பயம் எண்டால் என்னவெண்டு விளங்கினது. அங்க தாதி இருந்தா, திரையில இலக்கம் ஓடினது, சத்தம் வந்தால் யாரோ ஓடி வருவினம். இஞ்ச சத்தம் வந்தால் ஓடி வாற ஆள் நான்தான். மூக்கில ஒட்சிசன் குழாய், கன்னத்தில பிளாஸ்ரர் போட்டு ஒட்டின பால் குழாய், காலில சொக்ஸுக்குள்ள ஒட்சிசன் அளக்கிற சின்ன வெளிச்சம். மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மனிசி பால் எடுக்க, நான் அளந்து குழாயால விடுவன். மருந்து நேரத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில எழுதி ஒட்டியிருந்தம். அலாரம் அடிச்சால், பாதி நேரம் காலில இருந்தது கழண்டிருக்கும். மற்றப் பாதி நேரம்... அதை எழுத விருப்பமில்லை.

இந்த நிலைமையிலதான் சனம் வரத் தொடங்கினது.

மூண்டாம் நாள் இரண்டு வான். பெரிய சாப்பாட்டுச் சட்டியள், ஒரு சங்கிலி, ஏழு எட்டுப் பேர். “டொக்டர் ஒருத்தரையும் விடவேண்டாம் எண்டவர்” எண்டு வாசலில நிண்டு சொன்னன். “நாங்கள் என்ன வேற ஆக்களே தம்பி?” எண்டு கேட்டுக்கொண்டே மாமி உள்ள வந்திட்டா. ஒருத்தருக்கு மூக்கால வடிஞ்சது. “சும்மா தடிமன்தான்.” அவர் பிள்ளையின்ரை கையைத் தூக்கிக் கொஞ்சினார். நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். அதுதான் என்ரை பிழை.

நாலாம் நாள் பிள்ளையின்ரை நெஞ்சுக்கூடு உள்ள இழுபடத் தொடங்கினது. 911 அடிச்சம். திரும்பவும் ஒன்பது நாள் ஆஸ்பத்திரி.

இது ஆர்.எஸ்.வி. இல்லை. அதுக்கு நிர்செவிமாப் எண்ட ஊசி போட்டிருந்தது. உடம்புக்கு எதிர்ப்புப் பொருளை நேரடியாய்க் குடுக்கிற ஊசி அது. 2024 இலையுதிர் காலத்தில இருந்து ஒன்ராறியோ குழந்தையளுக்கு இலவசமாய்ப் போடுது. இது ரைனோ வைரஸ், வெறும் தடிமன் கிருமி. அதுக்கு இண்டைவரைக்கும் ஊசி இல்லை. இருக்கிற ஒரே மருந்து, தடிமன்காரர் தன்ரை வீட்டில இருக்கிறது.

இப்ப என்ரை கேள்வி. பிள்ளை பிறந்தால் 31 நாள் துடக்கு எண்டு தாயைக் கோயில் வாசலுக்கும் விடாத சனம் நாங்கள். எங்கடை ஆச்சிமார் ஏன் அப்பிடி வைச்சினமோ, எனக்குத் தெரியாது. ஆனால் அதால ஒரு நன்மை இருந்தது: அந்த ஒரு மாசம் தாயும் பிள்ளையும் ஒதுக்கமாய் இருந்திச்சினம். நாங்கள் என்ன செய்தம்? தாயைத் தள்ளி வைக்கிற பாதியை வைச்சுக்கொண்டு, பிள்ளையைக் காக்கிற பாதியை எறிஞ்சுபோட்டம். தாய் சாமி அறைக்குள்ள போகக் கூடாது, ஆனால் கொஸ்ற்கோவுக்குப் போட்டு வந்த கையோட பிள்ளையைத் தூக்கலாம்! என்ன நியாயம் இது?

இன்னொரு கூத்தும் நடந்தது. துடக்குக் கழிக்கேல்லை எண்டு ஐயரோட நாள் பேசிப்போட்டினம். விளக்கு, சாம்பிராணி எல்லாம் ஆயத்தம். வீட்டில ஒட்சிசன் ஓடுது. ஒட்சிசன் பாவிக்கிற இடத்தில இருந்து மூண்டு மீற்றருக்குள்ள நெருப்பே கூடாது எண்டு கருவி கொண்டந்தவன் கையெழுத்து வாங்கிப்போட்டுப் போனவன். ஒட்சிசன் தான் எரியாது, ஆனால் பக்கத்தில எரியிறதைப் பல மடங்காய் எரிய வைக்கும். புகையோ, பழுதான அந்தச் சின்னச் சுவாசப்பைக்கு நஞ்சு. “அப்ப தெய்வத்தை விட மெசின் பெரிசோ?” எண்டு ஒருத்தர் கேட்டார். எனக்கு அண்டைக்கு மெசின்தான் தெய்வம்.

இதுகளை விடவும் பொறுக்கேலாதது, என்ரை மனிசியிட்டைக் கேட்டது. “என்ன பிள்ளை செய்தனீ? பாரம் கீரம் தூக்கினனியோ? பப்பாசி சாப்பிட்டனியோ?” உலகத்தில பத்துப் பிள்ளையளில ஒண்டு 37 கிழமைக்கு முதல் பிறக்குது. கனபேருக்கு ஏனெண்டு வைத்தியராலயே சொல்லேலாது. 1963 ஆவணியில அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின்ரை மகன் பற்றிக் ஐந்தரைக் கிழமை முந்திப் பிறந்து, மூச்செடுக்கேலாமல் இரண்டு நாளில செத்தவன். வெள்ளை மாளிகையில இருந்த தாய் பாரம் தூக்கினவவோ? அண்டைக்கு இல்லாத மருந்தும் கருவியும் இண்டைக்கு இருக்கிறதால, அவனை விட எத்தனையோ கிழமை முந்தி வந்த என்ரை பிள்ளை உயிரோட இருக்கிறான். தாய்க்குச் சொல்ல ஆயிரம் நல்ல சொல் இருக்க, உங்களுக்கு இந்தக் கேள்விதான் கிடைச்சுதோ?

“வெள்ளைக்காரன் மாதிரிக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கச் சொல்லுறீரோ?” எண்டு கேப்பியள். இல்லை. எனக்குச் சனத்தின்ரை அருமை தெரியும். 2009 மாசியில, வன்னியில என்ரை அக்கா பதுங்குகுழிக்குள்ள பிள்ளை பெத்தவ. முன்பின் தெரியாத பெண்டுகள் சீலையை மறைப்பாய்ப் பிடிச்சுக்கொண்டு நிண்டு காப்பாத்தினவை. அதுக்குள்ளால வந்தவன் நான். ஆனால் அவையள் பிள்ளை பார்க்க வரேல்லை, உதவி செய்ய வந்தவை.

ஊர்வழக்கம் எண்டால், இதுவும் ஊர்வழக்கம்தான்: ஊரில குடும்பநல மாது வீடு தேடி வருவா. 1926இல களுத்துறையில தொடங்கின சுகாதாரப் பகுதி முறையில வந்த ஏற்பாடு அது. தராசோட வருவா, தாய் சாப்பிட்டவவோ எண்டு கேப்பா. எங்கடை மாது கை கழுவாமல் பிள்ளையைத் தொட்டதை நான் காணேல்லை. ஆச்சிமார் பிள்ளையை நெஞ்சோட அணைச்சு வைச்சிருந்ததும் எங்கடைதான். 1978இல கொலம்பியாவில, போகோட்டாவில எட்கார் ரேய் எண்ட வைத்தியர், கருவி காணாமல், குறைமாசப் பிள்ளையளைத் தாயின்ரை நெஞ்சில கட்டிவிட்டார். 2022இல உலக சுகாதார நிறுவனம், பிறந்த உடனேயே அப்பிடிச் செய்யச் சொல்லிப்போட்டுது. ஆனால் அது தாய் தேப்பனின்ரை நெஞ்சு. வந்தவை போனவையின்ரை மடி இல்லை.

உதவ விருப்பமெண்டால் சங்கிலி வேண்டாம். சோத்தையும் கறியையும் வாசலில வைச்சிட்டு ஒரு ரெக்ஸ்ற் போடுங்கோ. மூத்த பிள்ளையைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கடுமையான சுகவீனமான பிள்ளையைப் பார்க்கிற தாய் தேப்பனுக்கு வேலைக் காப்புறுதியில 35 கிழமை வரைக்கும் தனிக் கொடுப்பனவு இருக்கெண்டு சொல்லுங்கோ. வைத்தியரின்ரை கடிதம் வேணும். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. மனிசியின்ரை 15 கிழமைப் பிரசவக் கொடுப்பனவில பெரும்பகுதி, பிள்ளை ஆஸ்பத்திரியில இருக்கேக்கயே முடிஞ்சுது. பிரித்தானியாவில 2025 சித்திரையில இருந்து, இப்பிடி ஆஸ்பத்திரியில கிடக்கிற பிள்ளையின்ரை தாய் தேப்பனுக்கு 12 கிழமை வரைக்கும் மேலதிக விடுமுறை சட்டப்படி உரிமை. இஞ்சயும் அப்பிடி வேணுமெண்டு எம்.பி.யைக் கேளுங்கோ. கைக்காசுக்கு வேலை செய்யிற எங்கடை புதுச் சனத்துக்கு 600 மணித்தியாலக் கணக்கே இல்லை, ஒரு சதமும் வராது. அவையளுக்கெண்டு காசு சேருங்கோ. தேர்த் திருவிழாவுக்குச் சேர்க்கத் தெரிஞ்ச எங்களுக்கு இது தெரியாதோ?

கடைசியாய் ஒண்டு. ஸ்காபுரோவில இருந்து ஒரு நண்பன், அந்த மாரி முழுக்கப் பனி கொட்டின நாளெல்லாம் விடிய முதல் வந்து எங்கடை வாசலை வழிச்சுப்போட்டுப் போவான். மணி அடிக்க மாட்டான். அவனுக்குச் சின்னப் பிள்ளையள், வீட்டில எப்பவும் ஆருக்கோ தடிமன். வைகாசியிலதான் முதல்தரம் உள்ள வந்தான். கை கழுவிப்போட்டு வந்து பிள்ளையைப் பார்த்தான், தூக்கேல்லை.

“மச்சான், தூக்கலாமோ?” எண்டு கேட்டான்.

நானே எடுத்து அவன்ரை கையில குடுத்தன்.