மாமாவின் காசெட் பெட்டி

நாராயணவனத்தில் எங்க பெரிய மாமாவிடம் மதுரை மணி ஐயரின் 'காணக் கண் கோடி வேண்டும்' மூன்று வெவ்வேறு கச்சேரிகளில் பாடியது இருந்தது. புத்தூரில் ரயிலேறி மெட்ராஸ் போய், யார் யாரிடமோ கெஞ்சிக் காசெட்டில் காப்பி எடுத்து வந்தவை. அதே காம்போதிதான், ஆனால் மூன்றிலும் ஸ்வரம் வேறு வேறு. ஒன்றில் யாரோ விடாமல் இருமுவார். மாமா மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பிடுவார். யாருக்கும் காப்பி மட்டும் தரமாட்டார்!

போன லீவில் பெட்டியைத் திறந்தால் டேப்பெல்லாம் பூஞ்சை. தேறியது ஒன்றே ஒன்று, அந்த இருமல் கச்சேரி.

மணி ஐயர் 1968-ல் போய்விட்டார். இனி யாரிடம் கேட்பது?

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் ராக் குழு, பதிவு செய்யும் ரசிகர்களுக்கு 1984-ல் தனி இடமே ஒதுக்கியது. மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது, அவ்வளவுதான். இன்று அவர்களுடைய கச்சேரிகள் ஆயிரக்கணக்கில் கேட்கக் கிடைக்கின்றன.

உங்க வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போனால் முதலில் அதைத் திறங்க. கணினியில் ஏற்றி, தெரிந்தவரை தேதியும் சபா பெயரும் எழுதி, நாலு பேருக்குக் கொடுங்க.

இருமலை வெட்டிடாதீங்க. அதுவும் அன்றைய கச்சேரிதான்.