வைப்பாற்றுக்கு முன்னால் ஒரு நாணல் பாத்தி

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இத்தகைய விபத்துகளில் உயிரோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்பவர்களுக்கு அடுத்த போராட்டம் கிருமிகளோடு. தோல் வெந்துபோன உடம்பில் சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் எளிதாகக் குடியேறிவிடும். அவற்றை விரட்ட நாள்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டியிருக்கிறது. பட்டாசும் தீப்பெட்டியும் சோறு போடும் வட்டாரத்தில் இந்த மருந்து இல்லாமல் தீராது.

ஆனால் ஏறிய மருந்தெல்லாம் உடம்போடு தங்கிவிடுவதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கில் ஏறக்குறைய பாதி, உருமாறாமல் சிறுநீரில் இறங்கிவிடும். அங்கிருந்து சாக்கடை, ஓடை, கடைசியில் சாத்தூரை ஒட்டி ஓடும் வைப்பாறு. மழைக்காலம் போனால் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கிற ஆறு அது. வந்து விழும் கழிவைக் கரைத்துக்கொண்டுபோக அதில் வேறு தண்ணீர் ஏது? காவிரியிலேயே வலிநிவாரணி, ரத்த அழுத்த மாத்திரை, ஆன்டிபயாடிக் எச்சங்கள் இருப்பதை சென்னை ஐஐடியில் பேராசிரியர் லிஜி பிலிப் தலைமையிலான குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில் நிலைமை இன்னும் மோசம். சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் அறிவித்தார்கள். மருந்து சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம் அது. இதற்குப் பிறகும், ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக்குக்கு வரம்பு வைத்து 2020 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதி, 2021 ஆகஸ்டில் இறுதி வடிவம் பெற்றபோது அந்த வரம்பு காணாமல் போயிருந்தது. மிகத் தவறான முடிவு.

சட்டம் வரும்வரை சாத்தூர் காத்திருக்க வேண்டியதில்லை. தன் மருத்துவமனைக் கழிவுநீர் ஆற்றில் விழும் முன்பே அதை ஒரு நாணல் பாத்தியில் விட்டுச் சுத்திகரிக்கலாம். இதற்கு முன்மாதிரி உண்டு. புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீர், ஆரோவில் வல்லுநர்கள் வடிவமைத்த தொட்டிகளையும் செடி நட்ட சரளைப் படுகையையும் தாண்டிக் குளத்தில் சேர்ந்து, தோட்டத்துக்குப் பாய்கிறது. மருந்து எச்சத்தை அகற்றவென்று கட்டப்பட்டதல்ல அது. என்றாலும் ஒரு மருத்துவமனை தன் கழிவைத் தன் வளாகத்திலேயே செடியையும் கல்லையும் வைத்துச் சமாளிக்க முடியும் என்பதற்குக் கண்முன் நிற்கும் சாட்சி.

அந்தப் படுகையில் உழைப்பது நாணலோ கல்வாழையோ அல்ல, பாக்டீரியாக்கள். ஒவ்வொரு சரளைக்கல்லின் மேலும் வழவழவென்று ஒரு படலமாக அவை ஒட்டியிருக்கும். வேர்நுனி கசியவிடும் ஆக்சிஜனை நம்பி ஒரு கூட்டம் வேரோடு ஒட்டி வாழும். இரண்டு விரற்கடை தள்ளி, காற்றே தேவைப்படாத வேறொரு கூட்டம். முதல் கூட்டத்தில் நைட்ரோசோமோனாஸ் என்றொரு வகை உண்டு. அமோனியாதான் அதன் இரை. அந்த இரைக்காக அது வைத்திருக்கும் நொதி, அருகில் வரும் சில மருந்து மூலக்கூறுகளையும் சேர்த்தே உடைத்துப்போடுகிறது. பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் இத்தகைய படுகைகளில் பெருமளவு அழிகின்றன. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமாசிபைன் மட்டும் அசைந்துகொடுக்காது. பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். ஐரோப்பியப் படுகைகள் பனிக்காலத்தில் மந்தமாகிவிடும். சாத்தூர் வெயிலில் அந்தக் கவலை இல்லை.

வேறொரு கவலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் கலந்த நீரிலேயே வாழும் பாக்டீரியா, அந்த மருந்துக்குப் பிடிகொடுக்காமலிருக்கக் கற்றுக்கொள்ளும். கற்றதை மரபணுவாகப் பக்கத்து பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். வெளியேறும் நீரில் இத்தகைய மரபணுக்கள் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டினாலும், படுகைக்குள் அவை தேங்கவும் செய்கின்றன. ஆகவே அந்த நீரை மரத்துக்கு விடலாம். பச்சையாகக் கடித்துத் தின்கிற வெள்ளரிக்கு விடவே கூடாது, அதுவும் வெள்ளரிக்குப் பேர்போன ஊரில்.

அளந்து பார்க்காமல் கட்டுவதும் வீண். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்குள்ள நுண்ணுயிரியல் துறை, சாத்தூர், சிவகாசி மருத்துவமனைகளின் கழிவுநீரையும் வைப்பாற்று நீரையும் மாதாமாதம் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்க மறுக்கிறது என்பது தீக்காய வார்டில் நிற்கும் டாக்டருக்கும் தெரிந்தாக வேண்டிய செய்திதான்.

படுகை ஓட மின்சாரம் அதிகம் வேண்டாம், ஆள் வேண்டும். சரளை அடைத்துக்கொண்டால் நீர் மேலே தேங்கிக் கொசு பெருகும், முற்றிய நாணலை வெட்டியாக வேண்டும். நகராட்சி அதற்கென இரண்டு பேரை நிரந்தரமாக நியமித்து, பயிற்சியும் நியாயமான சம்பளமும் தரட்டும். ஐப்பசி மழைக்கு முன்பே நாற்று நட்டுவிட்டால், அடுத்த கோடைக்குள் வேர் பிடித்து, பாக்டீரியாவும் கல்லில் படிந்திருக்கும்.