வாசற்படி ஏறுமுன் எத்தனை வாசல்?

உழைப்பவன் வாங்குவதோ ஒன்றரை சென்ட் மனை, ஓட்டு வீடு! அதற்காக அவன் ஏறி இறங்கும் வாசல்கள் எத்தனை, எத்தனை!

சீட்டுப் பிடித்த பணம், மிகை நேரம் உழைத்த கூலி, இல்லாளின் கழுத்தை விட்டு இறங்கிய நகை. இவை சேர்ந்ததுதான் தொழிலாளி தருகின்ற முன்பணம். மூன்று திங்களில் கிரயம் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். வங்கிக்குப் போகிறான். "பட்டா, விற்பவரின் மறைந்த தகப்பனார் பெயரில் அல்லவா இருக்கிறது?" என்கிறார்கள். வாரிசுச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகம், உட்பிரிவுக்கு நில அளவர், வில்லங்கத்துக்குப் பதிவு அலுவலகம், சட்டக் கருத்துக்கு வழக்கறிஞர் என அலைகிறான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நாள் கூலி போகிறது. கெடு முடிகிறது, கடன் வரவில்லை, முன்பணம் மூழ்குகிறது. சீமானுக்குத் தாமதம் தொல்லை; தொழிலாளிக்கோ அது தண்டம்!

"எல்லாம் கணினியில் வந்துவிட்டதே" என்பார்கள். வந்தது, மறுக்கவில்லை. 2018இல் இணையவழிப் பதிவு வந்தது. வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். உட்பிரிவு தேவைப்படாத நிலமானால், பத்திரம் பதிவானதும் பட்டா தானே மாறவும் வழி செய்யப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் ஏழை வாங்குவது முழு நிலமா? துண்டு நிலம்! துண்டு என்றதும் உட்பிரிவு. உட்பிரிவு என்றதும் காத்திருப்பு. வசதி யாருக்கு வந்தது, வரிசை யாருக்கு நின்றது என்று கேட்கிறோம்.

இன்னொன்றும் கேட்கிறோம். 20 லட்ச ரூபாய்க்கு வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 1,80,000 ரூபாய் கருவூலம் சேருகிறது. பெற்றுக்கொண்டு அரசு தருவது என்ன? பத்திரத்துக்குப் பதிவு, உரிமைக்கு உறுதி அல்ல! வெள்ளையன் காலத்து 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைத்தான் பதிகிறது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை அல்ல என்று 2025இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. அப்படியானால் ஆராயும் சுமை யார் தலையில்? வாங்குகிறவன் தலையில்!

"விரைவு வந்தால் போலிப் பத்திரம் பெருகும்" என்று அச்சுறுத்துவோர் உண்டு. போலி வளர்வது விரைவினால் அல்ல, தோழர்களே! பதிவுத் துறை ஏட்டில் ஒரு பெயர், வருவாய்த் துறை ஏட்டில் வேறு பெயர். அந்த இடைவெளியில்தான் மோசடிக்காரன் குடியிருக்கிறான். இடைவெளியை மூடினால் தாமதமும் போகும், மோசடியும் போகும்.

1967இல் அமைந்த அண்ணாவின் ஆட்சி, புரோகிதரும் புரியாத மந்திரமும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத் தகுதி தந்தது. இரண்டு உள்ளங்களை இணைக்கவே இடையில் ஆள் வேண்டாம் என்று சொன்ன நாட்டில், இரண்டு அறை வீட்டை வாங்க இத்தனை இடைத்தரகர்களா? புரியாத மந்திரம் போலப் பத்திர வாசகமா?

நாம் கேட்பது சலுகை அல்ல, நியாயம். அரசிடமே இருக்கும் சான்றை அரசே எடுத்துப் பார்க்கட்டும்; குடிமகனை ஏவலாளாக அலைய விடாதே! பதிவு, பட்டா, அளவை மூன்றுக்கும் ஒரே மனு போதும். அளப்பதற்கு நாள் குறி. குறித்த நாள் தவறினால் காரணத்தை எழுத்தில் கொடு, கட்டணத்தைத் திருப்பிக் கொடு. பத்திரத்தை, கையெழுத்திடுபவனுக்குப் புரியும் தமிழில் எழுது.

ஆட்சி எவருடையதாயினும் இதைக் கேட்போம். கிளைக் கழகத் தோழர்களே, உங்கள் தெருவில் பட்டாவுக்குக் காத்திருப்போர் எத்தனை பேர், எத்தனை நாளாய் என்று கணக்கெடுங்கள். அந்தக் கணக்கை வட்டாட்சியர் மேசையில் வையுங்கள். பிறருக்கு மாளிகை கட்டிய கை, தன் வீட்டுக் கதவைத் தானே திறக்கட்டும்!